மேற்பிரிவிலிருந்து திருகோணமலைக்கு: மகளுக்கு விடுதி பார்க்க ஒரே ஒரு தடவைதான் வர முடியும், எதை எதைப் பார்ப்பது?

மேற்பிரிவு:

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் இருக்கிறோம். மகளுக்குச் சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது. கணிதமும் விஞ்ஞானமும் நல்ல சித்தி. உயர்தரத்தில் உயிரியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தோட்டத்துப் பாடசாலை பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். ஹட்டனுக்குத் தினமும் போய்வரலாம் என்றால், முதல் பஸ்ஸைப் பிடிக்கவே இருட்டில் 4 கிலோமீற்றர் தேயிலை மலைக்குள்ளே இறங்க வேண்டும். சிறுத்தை நடமாடுகிற பாதை. தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

மனைவியின் தங்கச்சி திருகோணமலையில், உப்புவெளியில் இருக்கிறார். அவர் வீட்டில் ஒரே அறை, மகளை வைத்துக்கொள்ள இடமில்லை. ஆனால் ஒரு அவசரம் என்றால் உடனே ஓடிப் போய்ப் பார்ப்பார். அதனால் அங்கே பெண் பிள்ளைகள் விடுதி தேடுகிறோம். மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, பாடசாலையோடு சேர்ந்த விடுதி. மாதக் கட்டணம் உண்டு. இரண்டாவது, ஊருக்கு வந்த ஒருவர் சொன்ன "இல்லம்". சாப்பாடு, உடுப்பு, கொப்பி எல்லாம் இலவசமாம். பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியை முன்கூட்டியே கொடுக்கச் சொல்கிறார். மூன்றாவது, ரியூசன் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் வீட்டு அறை, 8 பிள்ளைகள் தங்குகிறார்கள்.

நாங்கள் இரண்டு பேருமே மலையில் வேலை. வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் நின்றால் ஆளுக்கு இரண்டு "பேர்", அதாவது இரண்டு நாள் சம்பளம், போய்விடும், பயணச் செலவு வேறு. சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் வந்து பார்க்க முடியும். அந்த ஒரு தடவையில் எதைப் பார்த்தால் நம்பி விடலாம்?

கல்லூரி வீதி:

அண்ணை, முதலில் ஒன்று. மூலப் பிரதி எதையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். அதைப் பற்றி விபரமாகத் தெரிந்தவர்கள் இங்கே எழுதுவார்கள். நான் விடுதியைப் பார்க்கிற முறையைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வராதேங்கோ. அது பார்வையாளர் நாள். முற்றம் கூட்டியிருக்கும், கழிவறை கழுவியிருக்கும், பொறுப்பாளர் வாசலில் நிற்பார். பாடசாலை நடக்கிற ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குப் போய் இருட்டும் வரை நில்லுங்கோ. உங்கள் மனைவி கட்டாயம் வர வேண்டும், ஏனென்றால் படுக்கை அறைக்கும் குளியலறைக்கும் தகப்பனை விடமாட்டார்கள். விடக்கூடாது. ஆண்களை உள்ளே தாராளமாக விடுகிற விடுதி என்றால் அதுவே யோசிக்க வேண்டிய விஷயம்.

உள்ளே போனதும் கட்டிலை எண்ண வேண்டாம், குளியலறையை எண்ணச் சொல்லுங்கோ. கணக்கு இப்படி. பாடசாலை 7.30க்குத் தொடங்கும். பிள்ளைகள் சாப்பிட்டு 7 மணிக்குள் வெளிக்கிட வேண்டும். எழும்புவது 5 மணி என்றால் குளிக்கக் கிடைப்பது 5 முதல் 6.30 வரை 90 நிமிடம். 48 பிள்ளைகளுக்கு 4 குளியலறை இருந்தால் ஓர் அறைக்கு 12 பேர், ஆளுக்கு ஏழரை நிமிடம். அது சமாளிக்கலாம். 2 அறைதான் என்றால் ஆளுக்கு நாலு நிமிடமும் இல்லை. அப்போது என்ன நடக்கும் என்றால், பெரிய பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள், புதிதாக வந்தவள் 3.30க்கு எழும்பிக் குளிப்பாள், வகுப்பில் தூங்குவாள். கழிவறைக்கும் இதே கதைதான். வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். இந்த வெயிலில் அது நேரே சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். மலையிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு முதல் தவணையில் வருகிற வருத்தங்களில் இது முக்கியமானது. கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே மூடியுள்ள வாளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் பாவித்த நாப்கினை எங்கே போடுவது என்று மனைவி அங்கே இருக்கிற ஒரு பிள்ளையிடமே கேட்கட்டும். பிள்ளை உடனே இடத்தைக் காட்டினால் நல்லது. தயங்கினால் ஒழுங்கு இல்லை என்று அர்த்தம்.

அடுத்தது தண்ணீர்த் தாங்கி. ஆளுக்கு நாளுக்கு 60 லீற்றர் என்று வைத்தாலே 48 பேருக்கு 2,880 லீற்றர். கறுப்பு ஆயிரம் லீற்றர்த் தாங்கி மூன்று மேலே தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிந்தால் மோட்டர் நாளுக்கு மூன்று தரம் ஓட வேண்டும், மின்சாரம் நின்ற காலையில் எல்லாம் நின்றுவிடும். "கரண்ட் இல்லாத காலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கோ. "கிணறு இருக்கு, கயிறும் வாளியும் இருக்கு" என்றால் அதைப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கோ.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது, வெளியே போகிறவர்கள் பதிவேடு. பொறுப்பாளரிடம் "வீட்டுக்குக் கூட்டிப்போக யார் வரலாம், எப்படி உறுதிப்படுத்துவீர்கள்?" என்று கேட்டு, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கோ. பெயர்களை வாசிக்கத் தேவையில்லை, நிரல்களைப் பார்த்தால் போதும். பிள்ளையின் பெயர், போன நேரம், கூட்டிப்போனவரின் பெயர், உறவு, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், திரும்பிய நேரம். இந்த ஏழும் இருந்து, திரும்பிய நேரம் ஒவ்வொரு வரியிலும் எழுதியிருந்தால் அங்கே யாரோ ஒருவர் தினமும் பிள்ளைகளை எண்ணுகிறார். போன நேரம் மட்டும் இருந்து, திரும்பிய நேரம் பாதி வெறுமையாக இருந்தால், சுவர் பெயின்ற் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எனக்கு அந்த இடம் வேண்டாம்.

இரவுக்கு யார்? "மேற்றன் (பிள்ளைகளைப் பார்க்கிற பெண் பொறுப்பாளர்) இருக்கிறா" என்று சொல்வார்கள். எங்கே படுக்கிறா என்று கேளுங்கோ. அதே மாடியில், பிள்ளைகளின் அறைக்கு அடுத்த அறையில் என்றால் சரி. வளவின் மற்ற மூலையில் என்றால் இரவு 2 மணிக்குக் காய்ச்சல் வந்த பிள்ளை யாரை எழுப்புவது? அதோடு படுக்கை மண்டபத்தின் கதவை இரவில் வெளியால் பூட்டுகிறார்களா என்று பாருங்கோ. பாதுகாப்பு என்று சொல்லி வெளியால் ஆமைப்பூட்டுப் போடுகிற இடங்கள் உண்டு. தீப்பிடித்தால் அது பொறி. உள்ளேயிருந்து திறக்கக்கூடிய பூட்டும், இரண்டாவது வாசலும் வேண்டும்.

6.30க்கு இரவுச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் நடக்கும். குசினிக்குள் எட்டிப் பாருங்கோ. சட்டியில் இருக்கிற பருப்பு தண்ணீராக ஓடுகிறதா, அகப்பையில் நிற்கிறதா என்பது வாசலில் ஒட்டியிருக்கிற உணவு அட்டவணையை விட உண்மை சொல்லும்.

பதிவுத் தபால்:

மூலப் பிரதி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே "விடுதி" என்று மூன்று விதமான இடங்களைச் சொல்கிறார்கள், சட்டத்தில் மூன்றும் வேறு வேறு.

பாடசாலை விடுதி அதிபரின் பொறுப்பில், அல்லது அந்தப் பாடசாலையை ஆரம்பித்த சபையின் பொறுப்பில் இருக்கும். தவறு நடந்தால் யாரிடம் போவது என்பது தெளிவு: அதிபர், வலயக் கல்விப் பணிமனை. சிறுவர் இல்லம் என்பது வேறு. பெற்றோர் இல்லாத, அல்லது வீட்டில் பாதுகாப்பு இல்லாத பிள்ளைகளுக்கானது. மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவு இருக்க வேண்டும், பிள்ளையைச் சேர்ப்பது நன்னடத்தை அலுவலருக்குத் தெரிய நடக்க வேண்டும். நீதிமன்றக் கட்டளையோடு சேர்ந்த பிள்ளையை நினைத்த நேரம் நீங்கள் கூட்டிக்கொண்டு வர முடியாது. தாய் தகப்பன் இரண்டு பேரும் உழைத்துப் பார்க்கிற பிள்ளை அங்கே போகத் தேவையில்லை.

மூன்றாவது வகைதான் ஆபத்து. பதிவே இல்லாமல் "இல்லம்" என்று பெயர்ப்பலகை மட்டும் போட்டிருப்பது. தோட்டப் பக்கம் ஆள் வந்து பிள்ளை தேடுவது, எல்லாம் இலவசம் என்பது, மூலப் பத்திரத்தை முதலில் கேட்பது, மூன்றும் ஒன்றாக வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நல்ல நோக்கம் உள்ளவராகவே இருக்கட்டும், பதிவுச் சான்றிதழின் பிரதியை அவர் உங்களுக்கு அனுப்பட்டும். அதை எடுத்துக்கொண்டு உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். திருகோணமலை நகரப் பகுதி இடம் என்றால் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தோடு பேசி அவர் விசாரிக்கலாம். சந்தேகம் பெரிதாக இருந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, தமிழிலும் பேசலாம். வாசித்து விளங்காத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். "இது வெறும் படிவம்தான்" என்று சொல்கிற தாளைத்தான் இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

பாடசாலை விடுதிக்குக் கொண்டுபோக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ், பெறுபேற்றுத் தாள், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, தடுப்பூசி அட்டை, தாய் தகப்பன் இருவரின் அடையாள அட்டைப் பிரதி, உப்புவெளிச் சித்தியின் அடையாள அட்டைப் பிரதி. எல்லாவற்றிலும் மும்மூன்று போட்டோப் பிரதி எடுத்து, மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். விடுகைப் பத்திரம் மட்டும் பாடசாலைக்குப் போகும், அதற்கு முன் அதையும் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரும் பெறுபேற்றுத் தாளில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். தோட்டப் பிள்ளைகளின் பத்திரங்களில் தகப்பன் பெயரின் எழுத்து மாறியிருப்பது அடிக்கடி நடக்கிறது. திருத்துவதற்குப் பிறப்பைப் பதிந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். திருகோணமலையில் இருந்துகொண்டு அதைச் செய்வது பெரும்பாடு.

பணத்தைப் பற்றிக் கேட்கும்போது "மாதம் எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள். முற்பணம் எவ்வளவு, விலகும்போது திரும்பத் தருவார்களா? ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறை மாதங்களுக்கு முழுக் கட்டணமா, பாதியா? மின்சாரம், சலவை, பிரத்தியேக வகுப்பு தனியாக வருமா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கட்டணத்தை விடுதியின் வங்கிக் கணக்குக்கு ஹட்டன் கிளையிலேயே போட்டு, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தனி ஆளின் கணக்குக்குப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கண்டி வீதி:

ஒரு கேள்வி. ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கம் விடுதி விசாரித்தீர்களா? திருகோணமலை வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரம் என்பது வருடத்துக்கு எத்தனை தரம் தாய் முகத்தைப் பார்ப்பாள் என்கிற கணக்கு. சித்தி பக்கத்தில் இருப்பது பெரிய பலம், அதற்காக வருவது நியாயம்தான்.

பயணம்: மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் ஒரு மணித்தியாலம், ஹட்டனிலிருந்து கண்டி இரண்டரை முதல் மூன்று, கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை ஐந்து முதல் ஆறு. காத்திருப்பையும் சேர்த்தால் 11 மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். 4.30க்கு வெளிக்கிட்டால் பின்னேரம் 4 மணிக்குள் வந்து சேரலாம். கண்டியில் பஸ் மாறுவது காலை 10 மணிக்குள் நடக்க வேண்டும். பிந்தினால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டிவிடும். காட்டுப் பாதை, மாலையில் யானை கடக்கிற இடம், பஸ் மணிக்கணக்கில் நிற்கவும் நேரும். பிள்ளை தனியாக வருகிற நாளில் இந்தக் கணக்கை ஒருபோதும் மீற வேண்டாம். பிந்திவிட்டால் கண்டியில் தெரிந்த வீட்டில் தங்கி மறுநாள் வர வேண்டும். அந்த வீடு எது என்பதை முன்பே முடிவு செய்து வையுங்கள்.

ரயிலில் என்றால் கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயில் உண்டு, கல் ஓயாச் சந்தியால் திரும்பி வரும். உங்களுக்கு அது சுற்று. பெட்டி படுக்கையோடு முதல் தடவை வரும்போது மட்டும் யோசிக்கலாம்.

விடுமுறைக்கு விடுதி மூடுகிற நாளையும் மணியையும் தவணை தொடங்கும்போதே எழுதி வாங்குங்கள். பின்னேரம் 2 மணிக்கு மூடுகிறோம் என்றால் அன்று மலைக்குப் போக வழியில்லை. அந்த இரவு சித்தி வீடு, மறுநாள் விடிய பஸ். இன்னொன்று, உங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு. இங்கே மழை ஒக்டோபர் கடைசியில் பிடித்து ஜனவரி வரை போகும். ஆகஸ்ட் விடுமுறைக்கு மலைப்பாதை மூடலாம், டிசம்பர் விடுமுறைக்குக் கந்தளாய், தம்பலகாமம் பக்கம் வெள்ளம் வரலாம். ஒரு நாள் கைவசம் வைத்துத்தான் பயணத்தைப் போட வேண்டும்.

மேற்பிரிவு:

எல்லோருக்கும் நன்றி. இலவச இடத்தை விட்டுவிட்டோம். பதிவுச் சான்றிதழ் கேட்டோம், அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். பாடசாலை விடுதியில் வெளி ரியூசனுக்கு விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். உயிரியலுக்கு வகுப்பு இல்லாமல் முடியாது என்று மகள் சொல்கிறாள், அதனால் தனியார் அறைதான் நல்லதாம். மற்றது, எங்கள் ஊரில் ஆடி மாதமும் கம்பளி போர்த்திப் படுக்கிற குளிர். அந்த வெயிலை அவள் தாங்குவாளா? என்னென்ன கொடுத்துவிடுவது?

உப்புக்காற்று:

தனியார் அறை எல்லாமே கெட்டது இல்லை. கம்பசுக்கு வந்த பிள்ளைகளுக்கும் வேலை பார்க்கிறவர்களுக்கும் அது பொருந்தும். பாடசாலைக்குப் போகிற பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதில்லை. அங்கே பிள்ளையை எண்ணுகிற வேலை யாருடைய வேலையும் இல்லை. 8 பிள்ளைகள் 8 பாடசாலை, 8 ரியூசன். ஒருத்தி இரவு 8 மணிக்கும் வரவில்லை என்றால் அதை முதலில் கவனிப்பது யார்?

ரியூசனுக்கு விடமாட்டார்கள் என்பது பாதி உண்மை. கேட்கிற விதத்தில் இருக்கிறது. "ரியூசனுக்கு விடுவீர்களா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "உயர்தரப் பிள்ளைகள் இப்போது எந்தப் பாடத்துக்கு, எந்த நாளில் போகிறார்கள், யார் கூட்டிப்போகிறார்கள், கேற் எத்தனை மணிக்கு மூடும்?" என்று கேளுங்கள். பல விடுதியில் நாலைந்து பேராகச் சேர்த்து ஒரு முச்சக்கர வண்டியில் அனுப்புவார்கள், அல்லது ஆசிரியரை உள்ளே அழைப்பார்கள். 6.30க்குப் பிறகு முடிகிற வகுப்பைத்தான் தடுப்பார்கள். அது சரியான தடைதான். இரவுப் படிப்பு நேரம் முடிந்து எத்தனை மணிக்கு விளக்கு அணைப்பார்கள் என்பதும் முக்கியம். ஆறாம் தரப் பிள்ளையையும் உயர்தரப் பிள்ளையையும் ஒரே மண்டபத்தில் படுக்கவைத்து 9 மணிக்கு விளக்கணைத்தால் உயிரியல் படிக்க முடியாது. உயர்தரத்துக்குத் தனி மேசை, தனி விளக்கு, 10.30 வரையாவது வேண்டும்.

வெயில்: தாங்குவாள், ஆனால் முதல் சில வாரம் கஷ்டம். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும், தரையிலிருந்து அனல் எழும்புவது மாதிரி வறண்ட காற்று. முடியுமானால் அந்த மாதங்களில் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் வந்தால் உடம்பு மெல்லப் பழகும். நாளுக்கு இரண்டரை, மூன்று லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு லீற்றர்ப் போத்தல் இரண்டு கொடுத்துவிடுங்கள், பாடசாலைக்குப் போகும்போது ஒன்று முழுதாகவும் திரும்பும்போது வெறுமையாகவும் இருக்க வேண்டும். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு போடும். பவுடரை அப்பினால் துவாரம் அடைத்து இன்னும் கூடும். மாலையில் ஒரு தரம் உடம்பு கழுவி, ஈரம் உலர்ந்த பிறகு பருத்திச் சட்டை போட்டால் இறங்கிவிடும்.

பெட்டிக்குள்: பாடசாலைச் சீருடை 3 சோடி. உங்கள் ஊரில் பனியில் காயாது என்று யோசித்து ஐந்து தைக்க வேண்டாம். இங்கே வெயில் காலத்தில் இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். ஆனால் நவம்பர், டிசம்பரில் இரண்டு நாளும் காயாது, அதற்குத்தான் மூன்றாவது. உள்ளாடை 8, பருத்தித் துவாய் 2, படுக்கை விரிப்பு 2, மெல்லிய போர்வை 1. கம்பளி வேண்டாம், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து முழுப் பெட்டியும் மணக்கும். சுவெட்டர் ஒன்று, பயணத்துக்கு மட்டும். நுளம்பு வலை கட்டாயம், டெங்கு இருக்கிற ஊர். வலை கட்ட 4 துண்டு கயிறும் வைத்துவிடுங்கள், எல்லாக் கட்டிலிலும் கொக்கி இருக்காது. மூடியுள்ள 15 லீற்றர் வாளி, கப், தட்டு, கோப்பை, உடுப்புக் கயிறு 3 மீற்றர், கிளிப் 12. ஒவ்வொரு உடுப்பின் உட்பக்கத்திலும் நூலால் ஓர் இலக்கம் தைத்துவிடுங்கள். பேனையால் எழுதினால் பத்துக் கழுவலில் போய்விடும். உடுப்பு மாறிச் சண்டை வருவதுதான் விடுதியில் முதல் சண்டை.

பூட்டு ஒன்று நல்லதாக வாங்குங்கள், பித்தளையில். கடல் காற்றுக்கு மலிவு இரும்புப் பூட்டு மூன்று மாதத்தில் இறுகி, சாவி உள்ளேயே முறியும். பிள்ளை பரீட்சையன்று பெட்டியை உடைத்துப் பேனை எடுக்க வேண்டிவரும். மாதம் ஒரு துளி தேங்காய் எண்ணெய் சாவித் துவாரத்தில் விட்டால் போதும். மூன்று சாவியில் ஒன்று அவளிடம், ஒன்று சித்தியிடம், ஒன்று வீட்டில். தகரப் பெட்டி என்றால் நிலத்தில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடித்தகடு துரு ஏறி, வெள்ளைச் சீருடையில் கறை பிடிக்கும்.

சேர்க்க முதல் ஹட்டன் ஆஸ்பத்திரியில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தோட்டப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு இரத்தச் சோகை அதிகம். அதோடு இந்த வெயிலுக்கு வந்தால் தலைச்சுற்றல், படிப்பில் மனம் போகாது, "ஊர் ஏக்கம்" என்று எல்லோரும் தவறாக நினைத்துக்கொள்வார்கள்.

கல்லூரி வீதி:

ஊர் ஏக்கம் என்று வந்ததால் சொல்கிறேன். மூன்றாம் நாள் போன் எடுத்து அழுவாள். பத்தாம் நாளும் அழலாம். உடனே ஓடி வந்து கூட்டிப்போனால் திரும்ப விடுவது இரண்டு மடங்கு கஷ்டம். ஆனால் ஏக்கத்தில் அழுவதையும் ஏதோ நடந்து அழுவதையும் போனில் பிரித்தறிய வேண்டும். விடுதி போன் பொறுப்பாளரின் மேசையில்தான் இருக்கும், பிள்ளையால் எதையும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அதனால் வீட்டில் இருக்கும்போதே ஒரு வசனம் பேசி வைத்துக்கொள்ளுங்கோ. "சிவப்பு மாடு கன்று போட்டுட்டுதா?" என்று அவள் கேட்டால், சித்தி அன்றைக்கே நேரில் போக வேண்டும் என்று அர்த்தம். வேறு எதற்கும் அந்த வசனத்தைப் பாவிக்கக் கூடாது. சித்தியிடமும் சொல்லி வையுங்கோ.

உங்கள் பக்கம் சிக்னல் எல்லா இடமும் இராது. நீங்கள் மலையில் நிற்கிற நேரம் அவள் எடுத்தால் கிடைக்காது, "அப்பா எடுக்கவில்லை" என்று அதற்கும் அழுவாள். சிக்னல் கிடைக்கிற இடத்தில் ஞாயிறு மாலை 5 மணி என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டு, மழை வந்தாலும் அங்கே நில்லுங்கோ.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மலையக ஆட்களை இழிவாகச் சொல்கிற "தோட்டக்காடு" என்ற சொல்லை இங்கே சில பிள்ளைகள் வாய் கூசாமல் சொல்வார்கள். பெரியவர்களிடம் கேட்டுப் பழகியது. பொறுப்பாளரிடம் நேரே கேளுங்கோ: "மலையகப் பிள்ளைகள் முன்பு இருந்தார்களா, யாராவது அப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" "எங்கள் விடுதியில் அப்படி ஒன்றும் இல்லை" என்று சட்டென்று முடிக்கிறவரை விட, "நடந்தது, கூப்பிட்டுக் கண்டித்தோம், கட்டிலை மாற்றிக் கொடுத்தோம்" என்கிறவரை நான் நம்புவேன். உங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியாவது அங்கே இருந்தால் அவளுக்கு அடுத்த கட்டிலைக் கேட்டு வாங்குங்கோ. முதல் மாதத்துக்கு அது போதும்.

மேற்பிரிவு:

கண்ணீரோடு வாசித்தேன். மாட்டு வசனம் பேசிவிட்டோம். எங்களிடம் இருப்பது கறுப்பு மாடு, அதனால் "சிவப்பு" என்று கேட்டால் தவறவே தவறாது என்று மகளே சொன்னாள்.

வருகிற வெள்ளிக்கிழமை மனைவியும் நானும் 4.30க்கு வெளிக்கிடுகிறோம். பாடசாலை விடுதி ஒன்றை மட்டும் பார்க்கிறோம், இரவு கொழுந்தியா வீடு. கடைசியாக ஒரு கேள்வி: மாவட்டம் மாறினால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியில் (அனுமதிக்கு வேண்டிய குறைந்த புள்ளி) மகளுக்குப் பாதிப்பு வருமா? நுவரெலியா மாவட்டக் கணக்கை இழந்துவிடுவாள் என்று ஒரு ஆசிரியர் பயமுறுத்துகிறார்.

பதிவுத் தபால்:

பெரும்பாலான பாடநெறிகளுக்கு, உள்ள இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் திருகோணமலையும் இரண்டுமே அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை, அதனால் அந்த 5 வீதத்தை இழக்கமாட்டாள். எந்த மாவட்டக் கணக்கில் வருவாள் என்பதை வீட்டு முகவரியை வைத்துத் தீர்மானிப்பதில்லை, உயர்தரப் பரீட்சைக்கு முன் எந்தப் பாடசாலைகளில் எவ்வளவு காலம் படித்தாள் என்பதை வைத்துத்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடுகிற கைந்நூலில் அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது, தமிழிலும் வரும். அதை, மகளைச் சேர்க்கிற பாடசாலையின் உயர்தரப் பகுதித் தலைவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். உங்கள் பக்கத்து வேலை ஒன்றுதான்: விடுகைப் பத்திரத்தில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் பாடசாலைச் சேர்வு இடாப்போடு ஒத்திருக்க வேண்டும். பத்திரத்தைக் கையில் வாங்கியதும் அதிபர் முன்னாலேயே அந்த இரண்டு திகதியையும் பார்த்துவிடுங்கள்.

உப்புக்காற்று:

வெள்ளிக்கிழமை கந்தளாய் தாண்டியதும் கொழுந்தியாவுக்கு ஒரு கோல் எடுங்கள். பஸ் நிலையத்திலிருந்து விடுதிக்கு அவர் உங்களோடு வரட்டும். சித்தியின் முகத்தைப் பொறுப்பாளர் அன்றைக்கே பார்த்துவைத்தால், பிறகு பிள்ளையைக் கூட்டிப்போக அவர் வருகிற நாளில் வாசலில் நிற்க வேண்டிவராது. இரண்டு போட்டோவும் கொண்டுவரச் சொல்லுங்கள், பதிவேட்டில் ஒட்டுவதற்கு.